பத்து மில்லிமீட்டர் வீரர்கள்

1815-இல் பெல்ஜியத்தில் நடந்த வாட்டர்லூ போரை மாதிரி உருவில் அமைத்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி. 1830-இல் களத்திலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். 1838-இல் லண்டனில் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார்.

நிலம் ஏறத்தாழ 600-இல் ஒரு பங்கு. அதே அளவில் 180 செ.மீ. உயர வீரன் 3 மி.மீ.தான், எறும்பளவு! கையிலுள்ள துப்பாக்கி கண்ணுக்குத் தெரியுமா? எனவே பொம்மைகள் மட்டும் 180-இல் ஒரு பங்காக, 10 மி.மீ. உயரத்தில் வார்க்கப்பட்டன.

உயரம் 3.3 மடங்கானால், நிற்கும் இடம் 3.3 × 3.3, அதாவது சுமார் 11 மடங்கு வேண்டுமே! இரண்டு வீரருக்கு ஒரு பொம்மை என்று வைத்தும் நெரிசல் ஐந்து மடங்குக்கு மேல்.

மாணவர்களே, கண்காட்சிக்கு மாதிரி செய்யும்போது எந்த அளவு மெய், எது வசதிக்காக மாற்றியது என்பதை அட்டையில் எழுதி வையுங்கள்.