கைமாறும் கடைகள்

இரண்டு பெரிய மளிகைக்கடை நிறுவனங்கள் ஒன்றாக இணைகின்றன என்று செய்தித்தாளில் படிக்கிறோம். எத்தனை கோடிக்கு விலை பேசினார்கள், பங்கு விலை ஏறியதா இறங்கியதா என்பதோடு அந்தச் செய்தி முடிந்துவிடும். ஆனால் அந்த இரு நிறுவனங்களுக்கும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடைகள் இருந்தால் அவற்றில் ஒன்றின் கதி என்ன? அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த தெருவில் இருக்கும் மூதாட்டி பால் வாங்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்த ஒரு கதை விடை சொல்கிறது. பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியா, சியாட்டில் பக்கம் போய்வந்த நம் அன்பர்கள் பலர் இந்தக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்திருக்கக் கூடும்.

சட்டம் கேட்பது என்ன?

ஓர் ஊரில் இரண்டே பெரிய கடைகள் இருந்து, இரண்டும் ஒரே முதலாளியிடம் போய்விட்டால் போட்டி ஒழிந்துவிடும். விலை ஏறினாலும் கேட்பாரில்லை. ஆகவே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், "இணைந்து கொள்ளுங்கள், ஆனால் இன்னின்ன கடைகளை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும்" என்று நிபந்தனை போடும். இப்படிப்பட்ட சட்டம் நம் நாட்டிலும் உண்டு. சன் பார்மா, ரான்பாக்ஸி நிறுவனங்களின் இணைப்புக்கு 2014-ல் அனுமதி தந்தபோது, ஏழு மருந்துகளை விற்றுவிட வேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் கட்டளையிட்டது.

காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடுதான். நடைமுறையில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

பதினெட்டிலிருந்து நூற்று அறுபத்து நான்கு

ஆல்பர்ட்சன்ஸ் என்ற நிறுவனம் சேஃப்வே நிறுவனத்தை வாங்கப்போவதாக 2014 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. பேசப்பட்ட தொகை 900 கோடி டாலருக்கு மேல். 2015 ஜனவரியில் ஆணையம் சம்மதித்தது. ஆனால் 168 கடைகளை விற்றுவிட வேண்டும் என்றது. அவற்றில் 146 கடைகளை வாங்க முன்வந்தது ஹாகன் என்ற சிறு நிறுவனம்.

வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் 1933-ல் தொடங்கப்பட்ட குடும்பக் கடை இது. 2011-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் இதன் பெரும்பங்கை வாங்கியிருந்தது. அதுவரை ஹாகனுக்கு இருந்தவை 18 கடைகளே. சில மாதங்களில் அது 164 கடைகளுக்கு அதிபதி ஆயிற்று! புதிதாக வந்தவற்றில் 83 கடைகள் கலிபோர்னியாவில். அரிசோனாவிலும் நெவாடாவிலும்கூடக் கடைகள். ஏறத்தாழ இரண்டாயிரமாக இருந்த ஊழியர் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது.

2015 பிப்ரவரியிலிருந்து கடை கடையாகப் பலகையை மாற்றினார்கள். சிறிது நேரம் கடையை மூடி, சரக்கையும் விலைச்சீட்டையும் கணினியையும் மாற்றி, புதுப் பெயரில் திறந்தார்கள். தெற்குக் கலிபோர்னியாவில் ஹாகன் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. விலையும் முன்பைவிடக் கூடுதல் என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். பழகிய கடையில் பழகிய சரக்கைக் காணாதபோது, சற்றுத் தள்ளி இருந்த இன்னொரு கடைக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

ஜூலையில் ஆட்குறைப்பு. ஆகஸ்டில் 27 கடைகளை மூடப்போவதாக அறிவிப்பு. செப்டம்பர் 1-ஆம் தேதி ஹாகன் ஆல்பர்ட்சன்ஸ் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. தவறான விலை விவரங்களைத் தந்தார்கள், அழுகும் சரக்கை அளவுக்கு மீறிக் குவித்துவிட்டுப் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆல்பர்ட்சன்ஸ் அதை மறுத்தது. ஒரு வாரத்தில், செப்டம்பர் 8-ஆம் தேதி, ஹாகன் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. 100 கோடி கேட்ட வழக்கு கடைசியில் 57.5 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று.

கடைகள் எங்கே போயின?

ஏலத்தில் சிதறின. தெற்குக் கலிபோர்னியாவில் கெல்சன்ஸ் நிறுவனம் எட்டுக் கடைகளையும், ஸ்மார்ட் அண்ட் ஃபைனல் நிறுவனம் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கடைகளையும் எடுத்துக்கொண்டன. சில கட்டடங்கள் நெடுநாள் பூட்டிக் கிடந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், சில கடைகளை விற்றவரே திரும்ப வாங்கினார். 2016-ல் ஹாகனிடம் எஞ்சியிருந்த 29 கடைகளையும், அந்தப் பெயரையும் சேர்த்து, ஆல்பர்ட்சன்ஸ் 10.6 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. போட்டியைக் காப்பாற்ற விற்கச் சொன்ன ஏற்பாட்டில், போட்டியாளரே விற்றவரிடம் வந்து சேர்ந்தார்.

கதை அதோடு முடியவில்லை. ஹாகனின் சொந்த ஊரான அதே பெல்லிங்ஹாமில், பர்ச்வுட் என்ற பகுதியில் இருந்த தன் கடையை ஆல்பர்ட்சன்ஸ் 2016-ல் மூடியது. அந்த இடத்தில் இன்னொரு மளிகைக்கடை வரக்கூடாது என்று பத்திரத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. கார் இல்லாத ஏழைக் குடும்பங்கள் காய்கறிக்குத் திண்டாடின. மக்கள் குரல் எழுப்பிய பிறகு, இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்கு நகரசபை தடை விதித்தது. கட்டடம் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, ஆனால் அரிசி விற்கக் கூடாது என்றால் அந்தத் தெருவுக்கு என்ன பயன்?

வெற்றி பெற்றவரும் உண்டு

வாங்கியவர் எல்லோரும் மூழ்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1999-ல் இதே ஆல்பர்ட்சன்ஸ் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தபோதும் கடைகளை விற்க வேண்டியிருந்தது. அவற்றில் 43 கடைகளைத் தெற்குக் கலிபோர்னியாவின் ஸ்டேட்டர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. அந்தக் கடைகள் நிலைத்தன. காரணம் எளிது. அந்த நிறுவனத்துக்கு அங்கே ஏற்கெனவே நூற்றுக்கு மேல் கடைகள் இருந்தன. கிடங்கும் லாரியும் இருந்தன. அந்த வட்டார மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. ஹாகனிடம் அங்கே இவை எதுவும் இல்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது வியாபாரத்துக்கும் பொருந்தும்.

இந்தப் பாடம் வீண்போகவில்லை. கிரோகர், ஆல்பர்ட்சன்ஸ் இரண்டும் 2,460 கோடி டாலரில் இணையப்போவதாக 2022 அக்டோபரில் அறிவித்தன. 579 கடைகளை சி அண்ட் எஸ் என்ற மொத்த வியாபார நிறுவனத்துக்கு விற்பதாகவும் சொன்னார்கள். அந்த நிறுவனம் அப்போது நேரடியாக நடத்தி வந்தவை இருபத்து மூன்று சூப்பர் மார்க்கெட்டுகள்தான்! வாங்குபவரால் இத்தனை கடைகளை நடத்திப் போட்டி போட முடியுமா என்ற கேள்வி வழக்கில் முக்கிய இடம் பெற்றது. 2024 டிசம்பர் 10-ஆம் தேதி ஆரிகனில் உள்ள மத்திய நீதிமன்றம் இணைப்புக்குத் தடை விதித்தது. மறுநாளே ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

நம் ஊர் நிலவரம்

நாம் கண்ணால் கண்டது பிக் பஜார் கதை. ஃபியூச்சர் குழுமத்தின் சில்லறை வியாபாரத்தை 24,713 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ரிலையன்ஸ் 2020 ஆகஸ்டில் அறிவித்தது. அமேசான் எதிர்த்து வழக்காடியது. வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது வாடகை பாக்கி ஏறியது. பல கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் ரிலையன்ஸ் வசம் போயின. பிறகு பலகை ஸ்மார்ட் பஜார் என்று மாறியது. ஏப்ரலில் கடன் கொடுத்தவர்கள் ஒப்புதல் தராததால் அந்த விற்பனை ஒப்பந்தம் முறிந்தது; ஜூலையில் ஃபியூச்சர் ரீடெய்ல் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. ஒப்பந்தம் நிறைவேறவில்லை, இடங்கள் மட்டும் கைமாறிவிட்டன. இடம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வாடிக்கையாளரும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

கடை என்பது நான்கு சுவரும் ஒரு பலகையும் மட்டுமல்ல. நம் வீட்டுப் பெண்கள் எந்த அரிசி கேட்பார்கள் என்று தெரிந்த ஊழியரும், நேரத்துக்கு வரும் லாரியும், கட்டுப்படியாகும் வாடகையும் சேர்ந்ததுதான் கடை. சுவரை மட்டும் விற்றால் கடை கைமாறியதாக ஆகாது.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால், எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: விற்கப்படும் கடைகளை யார் வாங்குகிறார்? அவரால் நடத்த முடியுமா? நீங்கள் வழக்கமாகப் போகும் கடையே அந்தப் பட்டியலில் இருந்தால், கையில் உள்ள பரிசுக் கூப்பனைப் பலகை மாறும் முன் செலவழித்துவிடுங்கள். பல வருடங்களாகப் பழகிய அந்தக் கடைப் பையனிடம், அடுத்த மாதமும் வேலை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.