வீடு எங்கும் ஓடிப்போகாது!

பேரப் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு, ஈஸிசேரில் சாய்ந்து பழங்கதை பேச வேண்டிய வயதில், வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு ஊழியத்துக்குக் கிளம்பும் தம்பதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இது சர்வ சாதாரணம். அங்கே தலைமையிடம் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையில் (மார்மன்கள் என்றால் பலருக்குப் புரியும்), வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஜோடியாகவே ஊழியத்துக்குப் போகிறார்கள். 6 மாதம் முதல் 23 மாதம் வரை. சம்பளமா? ஒரு காசு கிடையாது. வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. சட்டையில் கறுப்பு நிறப் பெயர் அட்டை. அதில் ‘எல்டர்’, ‘சிஸ்டர்’ என்ற பட்டத்தோடு குடும்பப் பெயர்.

இவர்களில் பலர் போகும் இடம் இல்லினாய் மாநிலத்தில் மிஸிஸிப்பி நதிக்கரையில் இருக்கும் நாவூ. 1840-களில் மார்மன்கள் கட்டிய ஊர் அது. பழைய வீடுகளைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். செங்கல் அறுப்பது எப்படி, லாடம் அடிப்பது எப்படி என்று வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவதும், பழைய கதைகளைச் சொல்வதும் இந்தத் தாத்தா பாட்டிகளின் வேலை.

அப்படி ஒரு தம்பதியை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். ஊழியம் முடிந்துவிட்டது. மாதம் ஜனவரி. வீடு இருப்பது சால்ட் லேக் சிட்டியில், ஏறக்குறைய 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். கொண்டுவந்த காரிலேயே திரும்ப வேண்டும்.

“நாம கிளம்பறப்போ பேத்தி தவழ்ந்திட்டிருந்தா. இப்போ ஓடறாளாம்!” என்கிறாள் பாட்டி. போனில் தினமும் முகம் பார்த்துப் பேசியது உண்மைதான். ஆனால் போனில் இருக்கும் குழந்தை மடியில் வந்து உட்காருமா?

இந்த அவசரம்தான், சகோதரிகளே, பயணத்தில் முதல் ஆபத்து.

இதே வழியில் இதற்கு முன் போனவர்களின் கதை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தினமும் சொன்ன கதைதானே! 1846 பிப்ரவரியில், எதிர்ப்புத் தாங்காமல் மார்மன்கள் நாவூவை விட்டு வண்டிகளில் கிளம்பினார்கள். நதி உறைந்தபோது சிலர் பனிக்கட்டி மேலேயே கடந்தார்கள். அயோவா மாநிலத்தைத் தாண்டவே நாலு மாதம் ஆயிற்று. இன்று காரில் ஐந்தாறு மணி நேரம்! முதல் கூட்டம் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது 1847 ஜூலையில்.

அதைவிட நெஞ்சை உருக்குவது 1856-இல் நடந்தது. கைவண்டிகளில் சாமான்களை ஏற்றி, தாங்களே இழுத்துக்கொண்டு நடந்த இரண்டு கூட்டங்கள், பருவம் தப்பிக் கிளம்பின. ஆகஸ்ட் மாதம் நெப்ராஸ்காவில் கூடி யோசித்தார்கள். “முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இப்போது போகக் கூடாது, குளிர்காலம் கழியட்டும்” என்று வாதாடினார் லீவை ஸாவேஜ் என்பவர். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனாலும் அவர்களை விட்டுவிடாமல் கூடவே நடந்தார். அக்டோபரில் வயோமிங்கில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஆயிரம் பேரில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சால்ட் லேக்கிலிருந்து உதவி வந்திராவிட்டால் மிச்சம் யார் இருந்திருப்பார்களோ!

அதே வயோமிங்கைத்தான் நம் தம்பதியும் தாண்ட வேண்டும். 80-ஆம் எண் நெடுஞ்சாலை அங்கே சுமார் 650 கிலோமீட்டர் ஓடுகிறது. லாரமி ஊருக்கு அருகே அதன் உச்சி 8,640 அடி; நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரமிக்கு மேற்கே உள்ள பகுதி 1970 அக்டோபரில் திறக்கப்பட்டது. ‘அந்தப் பக்கம் காற்றும் பனியும் பொல்லாதது, வேண்டாம்’ என்று உள்ளூர்க்காரர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அப்படியே ஆயிற்று. மறு வருஷத்திலிருந்து, பறந்து வரும் பனியைத் தடுக்க நெடுக வேலிகள் வைத்தார்கள். புயல் மிஞ்சினால் சாலையின் குறுக்கே கேட்டை இறக்கி மூடிவிடுவார்கள்.

தாத்தா சொல்கிறார்: “இன்னும் ஆறு மணி நேரம்தான். ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்.”

பாட்டி சொல்கிறாள்: “வேண்டாம். இன்னைக்கு இங்கேயே தங்கிடுவோம்.”

ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும், நிறுத்தச் சொல்ல வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கடமை. நெடுஞ்சாலை மூடியிருக்கும்போது கைபேசி ஏதாவது கிராமத்துப் பாதையைக் காட்டும். அதை நம்பிப் போய்ப் பனியில் சிக்கினால் கேட்க நாதியில்லை. கேட் இறங்கியபின் தங்கும் விடுதிகளில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்த்து முன்னதாகவே நின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கையோடு என்னென்ன வேண்டும்? கம்பளிகள், டார்ச், பனி அள்ள ஒரு மண்வாரி, தண்ணீர், கொறிக்கத் தீனி. பெட்ரோல் எப்போதும் பாதி டாங்குக்குக் குறையக் கூடாது. பிளாஸ்கில் சூடான சூப்போ கோகோவோ இருக்கட்டும். (காபி, டீ இவர்கள் தொடுவதில்லை!) மாத்திரைகளைப் பின்பக்கப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும். இன்சுலின் உறைந்துபோனால் பிறகு பயன்படுத்தக் கூடாது.

மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் கட்டிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு இது அதிகம். இரண்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி நாலு அடி நடப்பது அவசியம். ‘அடிக்கடி பாத்ரூம் போகணுமே’ என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தப்பு.

பனியில் கார் சிக்கிவிட்டால் இறங்கி நடக்கவே கூடாது. காருக்குள்ளேயே இருந்து உதவிக்குக் காத்திருக்க வேண்டும். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் போதும். அதற்கு முன் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை அள்ளிவிட்டு, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். இல்லாவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகுந்து ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். பேச்சுக் குழறினாலோ, மனம் குழம்பினாலோ உடம்பின் சூடு இறங்குகிறது என்று அர்த்தம். முதியவர்களுக்கு நடுக்கம்கூட வராமல் போகலாம். உடனே உதவி தேட வேண்டும்.

நம் தம்பதி அன்றிரவு லாரமியில் தங்கினார்கள். மறுநாளும் கேட் திறக்கவில்லை. அதற்கும் மறுநாள்தான் வழி விட்டது. வீடு சேர்ந்தபின் உள்ளூர்ச் சபைத் தலைவரைப் பார்த்து, ஊழியத்தை முறைப்படி முடித்துக்கொண்ட பிறகே கறுப்பு அட்டையைக் கழற்ற வேண்டும். வெறும் பிளாஸ்டிக் அட்டைதான். ஆனாலும் கழற்றும்போது கை தயங்கும்.

வீட்டில் காத்திருக்கும் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. “எங்கே இருக்கீங்க? எப்போ வருவீங்க?” என்று மணிக்கொரு தரம் போன் செய்யாதீர்கள். நம் ஆசைதான் அவர்கள் காலில் வேகமாக மாறுகிறது. வந்த அன்றே விருந்து, சொந்தக்காரர் கூட்டம் என்றும் வேண்டாம். ஹீட்டரைப் போட்டு வீட்டைச் சூடாக்கி, படுக்கையை விரித்து, ஒரு கிண்ணம் சூப் வைத்திருந்தால் போதும். பேத்தி முதலில் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வாள். பாதகமில்லை, மறுநாள் மடி ஏறிவிடுவாள்.

அதுவரை போனில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “மெதுவா வாங்க. நாங்க இங்கேதான் இருப்போம்.”