காப்புரிமை மனுவுக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் முறை

வேப்பெண்ணெய் கொண்டு பயிர்ப் பூஞ்சணத்தைத் தடுக்கும் ஒரு முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் கிரேஸ் கம்பெனியும் 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. மறு ஆண்டே ஆட்சேபம் தாக்கலாயிற்று. 2000-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. அப்பீல் தள்ளுபடியானதோ 2005-இல்தான். வழங்கிவிட்டதைத் திரும்பப் பெறப் பத்தாண்டுகள் பிடித்தன! ஆதலின், மனு நிலுவையில் இருக்கும்போதே ஆட்சேபிக்கும் வழியை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 25-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில், இவ்வழியை எவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சாதாரண நெசவாளரும் மனுச் செய்யலாம், சங்கமும் செய்யலாம். உரிமை வழங்கியபின் ஆட்சேபிக்க ஓராண்டு அவகாசம் உண்டெனினும், அப்போது விஷயத்தில் சம்பந்தமுடையவர் மட்டுமே வர இயலும்.

விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதங்கள் கழிந்தபின் அலுவலகச் சஞ்சிகையில் பிரசுரமாகும். அச்சஞ்சிகை வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வெளிவருகிறது. பிரசுரமான ஆறு மாதங்களுக்குள் உரிமை வழங்கலாகாது என்பது விதி. நமக்கென்று யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. நாமே பார்த்துவர வேண்டும்.

ஆட்சேபத்தை 7-ஏ படிவத்தில், காரணங்களும் சான்றுகளும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். முன்பு கட்டணமில்லை; 2024-இல் விதிகள் திருத்தப்பட்டபின் உண்டு. நேரில் வாதிட விரும்பினால் அதையும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

"இது அநியாயம்" என்று எழுதுவதால் யாதொரு பயனும் இல்லை. சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்றைக் காட்டியாக வேண்டும். நமக்கு உதவக்கூடியவை முக்கியமாக இரண்டு: அம்முறை விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு முன்பே இந்தியாவில் பகிரங்கமாக அறியப்பட்டோ கையாளப்பட்டோ வந்தது என்பது ஒன்று, உள்ளூர்ச் சமூகத்தாரிடம் வாய்மொழியாகவேனும் வழங்கிவந்த அறிவு அது என்பது மற்றொன்று. வாய்மொழி அறிவைச் சட்டம் ஏற்பினும், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையதே. முதியோரின் பிரமாணப் பத்திரம் உதவும். தேதியிட்ட காகிதமோ அதனினும் வலுவுடையது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்கா 1995-இல் வழங்கிய காப்புரிமை 1997-இல் ரத்தானபோது, பழைய நூல்களோடு 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றும் சான்றாக வைக்கப்பட்டது. நம் சங்கங்களின் சாயப் பட்டறைக் குறிப்பேடு, தீர்மானப் புத்தகம், கொள்முதல் ரசீது ஆகியவற்றைப் பழைய தாள் என்று எடைக்குப் போடும் வழக்கம் இனியேனும் நிற்கட்டும்.

இன்னொன்று. விண்ணப்பத்தின் தலைப்பைக் கண்டு மிரள வேண்டாம். இறுதியிலுள்ள உரிமைக் கோரிக்கைகளையே வரிவரியாகப் படிக்க வேண்டும். அவுரிச் சாயத்தைப் பற்றிய விண்ணப்பமாயினும், கோரப்படுவது புதிய கருவி ஒன்று மட்டுமாயின், நம் பழஞ்சான்று அதைத் தொடாது.

இம்முயற்சி பலிக்குமா என்பார்க்கு ஒரு செய்தி: புற்றுநோய் மருந்தொன்றுக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி செய்த விண்ணப்பத்தை, நோயாளர் நலச் சங்கம் உள்ளிட்டோர் ஆட்சேபித்ததன்பேரில், சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் அக்கம்பெனிக்கு உரிமை மறுத்தது.

அவ்வலுவலகம் கிண்டியில் உள்ளது. அங்கு ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருத்தல் வேண்டுமாகையால், தமிழ்க் கணக்கேடுகளுக்குச் சரிபார்த்த மொழிபெயர்ப்பு சேர்க்க மறக்கலாகாது.