எலி பிடிக்காத பூனை

பூனையையும் தாவோ என்னும் சீனத் தத்துவத்தையும் இணைத்துப் போட்ட படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஜன்னலோரம் கண்மூடிக் கிடக்கும் ஒரு பூனை, பக்கத்தில் தாவோ ஞானி லாவோட்சு சொன்னதாக ஒரு வரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாவோ மரபின் மூல நூல்களில் பூனைக்கு அப்படியொன்றும் நல்ல பெயர் கிடையாது.

அந்த மரபின் ஆசான்களில் ஒருவரான சுவாங்ட்சு கி.மு. 4-ஆம் நூற்றாண்டுச் சீனர். அவர் பெயரால் வழங்கும் நூலின் முதல் அத்தியாயத்திலேயே பூனை செத்துப்போகிறது. தர்க்கத்தில் கெட்டிக்காரரான ஹுயி ஷி, சுவாங்ட்சுவிடம் தன்னிடமுள்ள ஒரு பெரிய மரத்தைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்: உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும், கிளையெல்லாம் கோணல், எந்தத் தச்சனும் திரும்பிப் பார்ப்பதில்லை, உங்கள் பேச்சும் அந்த மரம் மாதிரிதான் என்கிறார். சுவாங்ட்சு கோபப்படவில்லை. காட்டுப்பூனையைப் பார்த்ததில்லையா என்று கேட்கிறார். உடம்பைக் குறுக்கிப் பதுங்குகிறது, இரைக்காகக் காத்திருக்கிறது, மேடு பள்ளம் பாராமல் பாய்கிறது, கடைசியில் வலையில் மாட்டிச் சாகிறது. ஒன்றுக்கும் உதவாத மரமோ கோடரி படாமல் நிழல் பரப்பி நிற்கிறது.

இந்தக் காட்டுப்பூனை நம் வீட்டுப்பூனை அல்ல. சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் சுமார் 5,300 ஆண்டுகள் பழைய பூனை எலும்புகள் கிடைத்தபோது, வீட்டுப்பூனையாக இருக்கலாம் என்று 2013-இல் எழுதினார்கள். பிறகு ஆராய்ந்ததில் அவை சிறுத்தைப்பூனையின் எலும்புகள் என்று தெரிந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இரவில் இரை தேடுகிறதே, அதே இனம். வயலெலிகளைத் தின்று பயிரைக் காத்ததால் ஆண்டிறுதிப் பலியில் பூனைக்கும் ஒரு பங்கு உண்டு என்று சீனர்களின் சடங்கு நூலான லிஜி சொல்கிறது. வேலைக்காரனுக்குத் தரும் மரியாதை, அவ்வளவுதான்.

பிற்காலத்துச் சீனப் படிப்பாளிகள் பூனையை நெருங்கிப் பார்த்தார்கள். 11-ஆம் நூற்றாண்டின் ஷென் குவோ ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். அறிஞர் ஓயாங் ஷ்யூவிடம் பழைய ஓவியம் ஒன்று இருந்தது. பியோனிப் பூக்கள், கீழே ஒரு பூனை. அதைப் பார்த்த அவருடைய சம்பந்தி, இது நண்பகல் பூ என்றாராம். எப்படித் தெரியும்? பூனையின் கண்மணி நூலாக இளைத்திருக்கிறதே! கண்ணைக் கடிகாரமாகப் படித்தவர்களுக்கு அந்தக் கண்ணில் புதிர் எதுவும் தென்படவில்லை.

பூனையை ஞானியாக்கியவர் ஒரு ஜப்பானியச் சாமுராய். செகியாடோ சிற்றரசில் பணியாற்றிய நிவா தடாகி, இஸ்ஸாய் சோசான்ஷி என்ற புனைபெயரில் 1727-இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘நாட்டுப்புறச் சுவாங்ட்சு’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஹுயி ஷி அலுத்துக்கொண்ட அதே உதவாக்கரை மரத்தின் பெயரைத்தான் தன் புனைபெயருக்குள்ளும் அவர் ஒளித்துவைத்திருக்கிறார். அந்த நூலில் ஒரு பூனைக் கதை இருக்கிறது.

ஷோகென் என்ற வாள்வீரனின் வீட்டில் பெரிய எலி ஒன்று பட்டப்பகலில் திரிகிறது. அறையை மூடி அவன் தன் பூனையை உள்ளே விட்டால், எலி பூனையின் முகத்திலேயே பாய்ந்து கடிக்கிறது. பூனை கதறிக்கொண்டு ஓடுகிறது. அக்கம்பக்கத்துச் சூரப்பூனைகளும் தோற்கின்றன. ஷோகெனே மரவாளோடு இறங்குகிறான். கதவும் தட்டியும் கிழிந்ததுதான் மிச்சம். வியர்த்துக் களைத்துப்போனவன், சற்றுத் தொலைவில் கெட்டிக்காரப் பூனை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அதை வரவழைக்கிறான். வந்தது ஒரு கிழட்டுப் பூனை. பார்வைக்கு மந்தம். உள்ளே விட்டதும் எலி அசையாமல் நின்றுவிடுகிறது. பூனை சாவதானமாகப் போய், கவ்விக்கொண்டு வருகிறது.

அன்றிரவு தோற்ற பூனைகளெல்லாம் கிழப்பூனையைச் சுற்றி உட்காருகின்றன. கறுப்புப் பூனை வித்தையில் தேர்ந்தது: ஏழடித் தட்டியைத் தாண்டும், தூங்குவதுபோல் நடித்து ஏமாற்றும். வரிப்பூனை தன் உள்வலுவாலேயே எதிரியை நொறுக்கிவிடும். சாம்பல் பூனை மோதுவதே இல்லை; எதிராளி போகிற போக்குக்கு வளைந்து கொடுக்கும். மூன்றையும் கிழப்பூனை ஒதுக்குகிறது. வித்தைக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது. வலுவை நம்பினால், உயிரை வெறுத்து நிற்கும் எலி அதைவிட வலுவோடு வரும். இசைந்து போகவேண்டும் என்று நினைத்து இசைந்தால் அதுவும் ஒரு உத்தி, அதை எலி மோப்பம் பிடித்துவிடும்.

சாம்பல் பூனையிடம் சொன்னதுதான் எனக்குக் கதையின் உச்சம். மெனக்கெட்டு ‘எதிர்க்காமல்’ இருப்பவர்களை நாம் ஆசிரமங்களில் நிறையப் பார்க்கிறோம்.

கிழப்பூனை தன்னையும் உயர்த்திக்கொள்ளவில்லை. சிறுவயதில் பக்கத்து ஊரில் ஒரு பூனை இருந்தது என்கிறது. நாளெல்லாம் தூக்கம், மரத்தில் செதுக்கி வைத்த மாதிரி. அது எலி பிடித்து யாரும் கண்டதில்லை. ஆனால் அது இருக்கிற பக்கம் எலியே வராது. வேறு இடத்துக்கு மாற்றினாலும் அப்படித்தான். காரணம் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அது பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்று கிழப்பூனைக்குப் பிறகுதான் புரிந்தது.

சுவாங்ட்சு படித்தவர்களுக்கு இந்த மரப்பூனையை அடையாளம் தெரியும். அந்நூலின் 19-ஆம் அத்தியாயத்தில் அரசனுக்காகச் சண்டைச் சேவல் பழக்குகிறான் ஒருவன். பத்து நாளுக்கொருமுறை, தயாரா என்று கேள்வி வருகிறது. வீறாப்பு போகவில்லை, நிழலுக்கும் சத்தத்துக்கும் இன்னும் சிலிர்க்கிறது, பார்வையில் கோபம் மீதியிருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போகிறான். 40-ஆம் நாள் சேவல் மரக்கட்டையாக நிற்கிறது. மற்றச் சேவல்கள் பார்த்ததுமே ஓடுகின்றன. சோசான்ஷி செய்த வேலை இதுதான்: முதல் அத்தியாயத்தில் வலையில் செத்த பூனையை எடுத்து, 19-ஆம் அத்தியாயத்துச் சேவலின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். தாவோ பேசும் மர்மம் பூட்டிய பெட்டிக்குள் இருப்பதல்ல. தூங்கும் பூனையை எல்லோரும் பார்க்கலாம், எலி வராததையும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் அந்தப் பூனைக்கே பிடிபடவில்லை.

ஜென் அறிஞர் டி.டி. சுசுகி 1959-இல் வெளியான தன் ஆங்கில நூலில் இக்கதையைச் சேர்த்தபின் மேற்கிலும் இது பரவியது. ஜென் கதை என்றே பலரும் சொல்கிறார்கள். அதன் எலும்பு முழுக்கச் சுவாங்ட்சு.

அறிந்தவன் பேசமாட்டான் என்ற லாவோட்சு எதற்கு ஐயாயிரம் எழுத்து எழுதினார் என்று கவிஞர் பை ஜுயி கேலி செய்திருக்கிறார். சோசான்ஷிக்கும் அந்தக் கேலி பொருந்தும். வாள்வித்தை பற்றிக் கேட்கும் ஷோகெனிடம், எலி தின்னும் விலங்கு நான், மனிதர் சமாச்சாரம் எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, கிழப்பூனை பக்கம் பக்கமாகப் பேசுகிறது. பேசாத பூனையைப் புகழ்ந்த ஆசிரியரும் ஓயவில்லை. இரண்டே ஆண்டில், 1729-இல், அதே வாள்வித்தையைப் பற்றித் தெங்கு என்னும் மலைப்பூதங்கள் விவாதிப்பதாக இன்னொரு நூல் போட்டார்.