திக்கலுக்குப் பெற்றோரா காரணம்?

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை திடீரென்று 'அ-அ-அம்மா' என்று திக்கத் தொடங்கினால், வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது பெற்றோர்தான். மிரட்டினார்களா, எதையாவது கண்டு பயந்துவிட்டதா என்று கேள்விகள் எழும். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காலத்தில் அறிவியலும் முட்டுக் கொடுத்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வென்டல் ஜான்சன், திக்கல் குழந்தையின் வாயில் அல்ல, பெற்றோரின் காதில் பிறக்கிறது என்றார். மழலைத் தடுமாற்றத்தைக் குறையென்று சொல்லித் திருத்தப்போவதால்தான் அது ஊன்றிவிடுகிறதாம். அவர் மேற்பார்வையில் 1939இல் ஓர் அநாதை இல்லத்தின் 22 பிள்ளைகளிடம் சோதனை நடந்தது; சரளமாகப் பேசிய சிலரிடமே 'உனக்குத் திக்குகிறது' என்று சொல்லிவைத்தார்கள். அவர்களுக்குத் திக்குவாய் வரவில்லை. ஆனால் வாய் திறக்கவே கூசிப்போனார்கள். இதற்குப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல்தான்.

கொடுமை ஒருபுறமிருக்க, அந்தக் கொள்கைக்கு ஆதாரம் தேடிய முறையும் பிசகு. திக்கல் வந்தபின் பெற்றோரை விசாரித்தால் அவர்களின் கவலை தெரியும். கவலை முந்தியா, திக்கல் முந்தியா என்பது தெரியாது. அதை அறிய, திக்கல் தொடங்கும் முன்பே குழந்தைகளைப் பின்தொடர வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஷீனா ரைலி குழுவினர் அதைத்தான் செய்தார்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கவனித்துவந்த 1,619 பேரில், 3 வயதுக்குள் 8.5 விழுக்காட்டினருக்கும் 4 வயதுக்குள் 11.2 விழுக்காட்டினருக்கும் திக்கல் தொடங்கியது. தாயின் மனநலத்துக்கும் குழந்தையின் கூச்ச சுபாவத்துக்கும் திக்கலோடு தொடர்பு தென்படவில்லை. திக்கிய குழந்தைகளின் சொல்வளம் 2 வயதில் மற்றவர்களைவிடச் சற்று கூடுதலாகவே இருந்தது.

பாடநூல்கள் சொல்லிவந்தது 5 விழுக்காடுதானே, சாதாரணத் தடுமாற்றத்தையும் சேர்த்து எண்ணிவிட்டார்களா என்று கேட்கலாம். பெற்றோர் சொன்னதை அப்படியே ஏற்காமல், பேச்சு வல்லுநர்கள் நேரில் பார்த்து உறுதிசெய்த கணக்கு இது. ஆங்கிலம் பேசும் ஊரின் விழுக்காடு தமிழ்க் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்பது இன்னும் வலுவான கேள்வி. அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, முறையைக் கொண்டுவரலாம்.

தானாகச் சரியாகும் என்று காத்திருக்கலாமே என்பாரும் உண்டு. பல குழந்தைகளுக்கு நாளடைவில் சரியாகவும் செய்கிறது. நியூசிலாந்தில் 54 மழலைகளை இரு பிரிவாக்கி நடந்த சோதனையின் முடிவு 2005இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களிடம் 9 மாதத்தில் திக்கல் 77 விழுக்காடு குறைந்தது. பெறாதவர்களிடமும் 43 விழுக்காடு குறைந்தது! ஒப்பிட இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால் முழுப் பெருமையும் சிகிச்சைக்கே போயிருக்கும். வசம்பு உரசி நாக்கில் தடவுவது 'பலித்த' கதைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் அந்த இரு பிரிவுகளுக்கும் இடையிலான வித்தியாசமும் சிறிதல்ல. அதைவிடச் சுவையான சங்கதி, லிட்கம் எனப்படும் அந்தச் சிகிச்சையை அன்றாடம் வீட்டில் நடத்துபவர்கள் பெற்றோர். வல்லுநரிடம் பழகிக்கொண்டு, திக்காமல் பேசும்போது பாராட்டுகிறார்கள், எப்போதாவது திக்கியதையும் இதமாகச் சுட்டுகிறார்கள். ஜான்சன் எதைச் செய்யக்கூடாது என்றாரோ, அதைத்தான்.