பூடில் கலப்பும் கொங்கு நாட்டின் கலப்பின அனுபவமும்

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே உள்ள பொங்கலூர் வட்டாரத்தில் விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணையும் கறவை மாடும் அக்கம்பக்கமாக இருந்துவருவதால், கலப்பினம் என்றால் என்னவென்று இங்குள்ள குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டுத்தரையில் நிற்பது பெரும்பாலும் ஜெர்சி கலப்பு மாடு. கொட்டகையில் வளர்வது பல தூய வரிசைகளைத் திட்டமிட்டுச் சேர்த்து உருவாக்கிய கறிக்கோழி. இந்தக் கலப்பின நாட்டம் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் செல்லப்பிராணி வளர்ப்பிலும் வேரூன்றியிருக்கிறது. பூடில் என்னும் சுருள்முடி நாயை லாப்ரடாரோடு சேர்த்த லாப்ரடூடில், காக்கர் ஸ்பானியலோடு சேர்த்த காக்கப்பூ, கோல்டன் ரெட்ரீவரோடு சேர்த்த கோல்டன்டூடில் ஆகியவை மேலை நாடுகளில் பெரும் வரவேற்பைப் பெற்று, இந்திய நகரங்களிலும் விலைபேசப்படுகின்றன. இவற்றுக்காகச் சொல்லப்படும் சிறப்புகளில் எவை உண்மை, எவை மிகை என்பதைச் சீர்தூக்கிப் பார்க்க, கொங்கு நாட்டின் கலப்பின அனுபவம் பெரிதும் துணைசெய்கிறது.

பூடிலின் இயல்பு

பூடில் அலங்காரத்துக்காக உருவான நாய் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், வேட்டையில் சுடப்பட்டு நீரில் விழுந்த பறவைகளை நீந்திச் சென்று கவ்விவரப் பழக்கப்பட்ட நீர்நாட்ட நாய் அது. ஸ்டாண்டர்டு, மினியேச்சர், டாய் எனப் பல அளவுகளில் வளர்க்கப்படும் இவ்வினம் கூர்மையான அறிவுக்குப் பெயர்பெற்றது. உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994இல் வெளியிட்ட நூலில், கட்டளையைப் புரிந்து நடக்கும் திறனுக்கான வரிசையில் பார்டர் கோலிக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பூடிலுக்கு அளித்தார்.

பூடிலின் முடி மற்ற பல நாய்களுடையதைப் போல ஆண்டு முழுவதும் கொட்டுவதில்லை. உதிரும் மயிரும் தரையில் விழாமல் சுருள்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் வீடு சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த மயிரைச் சீவி எடுக்காவிட்டால் தோலை ஒட்டிச் சடை பிடிக்கிறது. மேல்முடி மென்மையாகத் தெரியும்போதே காதின் பின்புறத்திலும் முன்னங்கால் இடுக்கிலும் விரலைவிட்டுத் தடவினால், கம்பளிபோல இறுகிய சிக்கு தட்டுப்படும். அதன் அடியில் ஈரம் தேங்கித் தோல் புண்ணாவதும் உண்டு. எனவே முடி கொட்டாது என்ற வசதிக்கு ஈடாக, அன்றாடச் சீவலும் சில வாரங்களுக்கு ஒருமுறை முடிவெட்டலும் என்ற பொறுப்பை வளர்ப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு தேவைக்காகத் தொடங்கிய கலப்பு

இன்றைய பூடில் கலப்பு மோகத்தின் தொடக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்குள்ள வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இனப்பெருக்கப் பொறுப்பில் இருந்த வாலி கான்ரன், ஹவாய்த் தீவில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு, அவருடைய கணவரின் ஒவ்வாமையைத் தூண்டாத வழிகாட்டி நாய் ஒன்றைத் தர முயன்றார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 33 பூடில்களைப் பழக்கிப் பார்த்தும் அப்பணிக்கு எதுவும் தேறாததால், வழிகாட்டிப் பணியில் சிறந்த லாப்ரடாரையும் ஸ்டாண்டர்டு பூடிலையும் இணைத்தார். 1989இல் பிறந்த மூன்று குட்டிகளின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதிக்கப்பட்டபோது, ஒன்றே ஒன்றுதான் அக்கணவருக்கு ஒவ்வாமையைத் தரவில்லை. சுல்தான் எனப் பெயரிடப்பட்ட அந்நாய் அப்பெண்ணுக்கு வழிகாட்டியாகச் சென்றது. எஞ்சிய குட்டிகளைக் கலப்பினம் என்று சொன்னபோது வாங்கிப் பராமரிக்க எவரும் முன்வரவில்லை என்றும், லாப்ரடூடில் என்று புதுப்பெயர் சூட்டி அறிவித்தபின் கேட்டு வந்தவர்கள் பலர் என்றும் கான்ரன் பின்னாளில் கூறினார்.

ஒரே தாய் ஈன்ற மூன்று குட்டிகளில் ஒன்று மட்டுமே தேறியது என்பது இவ்வரலாற்றின் முதன்மையான செய்தி. சந்தையில் அதிகம் மறைக்கப்படுவதும் அதுவே. தெளிவான தேவைக்காகவும் சோதனையோடும் செய்யப்பட்ட ஒரு முயற்சி, சோதனையே இல்லாமல் ஆதாயத்துக்காகக் குட்டிகளைப் பெருக்கும் தொழிலாக மாறியதைக் கண்ட கான்ரன், அந்நாயை உருவாக்கியதற்காகத் தாம் வருந்துவதாக 2019இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்திடம் தெரிவித்தார்.

முதல் தலைமுறையும் அடுத்த தலைமுறையும்

தூய இனம் என்பது பல தலைமுறைகளாகத் தம்முள்ளேயே இணைசேர்க்கப்பட்டு, குட்டிகள் பெற்றோரைப் போலவே பிறக்கும் அளவுக்கு நிலைபெற்ற கூட்டம். இரண்டு தூய இனங்களைச் சேர்க்கும்போது பிறக்கும் முதல் தலைமுறை, பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்து, பெற்றோரைவிட நலமும் வலிமையும் கூடியதாக அமைவதுண்டு; இதனைக் கலப்பின வீரியம் என்பர். அந்த முதல் தலைமுறையைத் தம்முள்ளேயே சேர்த்தால், அடுத்த தலைமுறையில் பாட்டன் பாட்டிகளின் பண்புகள் பிரிந்து, வெவ்வேறு விதமாகக் கூடிவருகின்றன.

நாயின் முடியைக்கொண்டே இதனை விளக்கலாம். நாய்களின் மயிர் வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்பதை 2009இல் ஓர் ஆய்வுக்குழு கண்டறிந்தது: ஒன்று மீசையையும் புருவமுடியையும் தருவது, மற்றொன்று நீளத்தை முடிவுசெய்வது, மூன்றாவது சுருளைத் தருவது. மீசை தரும் பண்பு ஓங்கு பண்பு. அதாவது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து கிடைத்தாலே வெளிப்படுவது. எனவே முதல் தலைமுறை லாப்ரடூடில்கள் அனைத்துக்கும் அந்த அடர்ந்த முகமுடி அமைகிறது. அவற்றையே தம்முள் இணைத்தால், கணக்குப்படி நான்கில் ஒரு குட்டிக்கு அப்பண்பு முற்றிலும் இல்லாமல், லாப்ரடாரைப் போல வழவழப்பான முகமும் கொட்டும் முடியும் வாய்க்கக்கூடும். முடி கொட்டாது என்று விற்கப்பட்ட குட்டி வளர்ந்தபின் வீடெங்கும் மயிரை உதிர்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பின்னலாடைக்கு உயிரான பருத்தியிலும் இதே விதி செயல்படுகிறது. 1972இல் கர்நாடகத்தின் தார்வாடில் உருவான வரலட்சுமி, முதல் தலைமுறையில் மட்டுமே முழுப்பயன் தரும் வீரிய ஒட்டு என்பதால், உழவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் புது விதை வாங்க வேண்டியிருந்தது. 1974இல் கோயம்புத்தூரில் உருவான சுவின், சுஜாதா என்ற இந்திய இரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற கரீபிய இரகத்தையும் கலந்து, பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய இரகம். அதன் விதையை எடுத்து விதைத்தாலும் அதே மிக நீண்ட இழை கிடைக்கிறது. பூடில் கலப்புகளில் பெரும்பாலானவை வரலட்சுமியின் நிலையிலேயே நிற்கின்றன. லாப்ரடூடிலைச் சுவினைப் போல நிலைப்படுத்த ஆஸ்திரேலியாவிலும் பிற நாடுகளிலும் சில வளர்ப்பாளர்கள் பல தலைமுறைகளாக முயன்றுவருகிறார்கள் என்றாலும், பெரிய கென்னல் சங்கங்கள் அதனைத் தனி இனமாக இன்னும் ஏற்கவில்லை.

ஒவ்வாமையும் நோயும்

பூடில் கலப்புகளை நாடுவோர் முதலில் சொல்லும் காரணம், அவை ஒவ்வாமை தராது என்பது. நாயால் உண்டாகும் ஒவ்வாமைக்கு முடி நேரடிக் காரணம் இல்லை. உமிழ்நீரிலும் உதிரும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்களே காரணம். அவற்றுள் முதன்மையான புரதத்தைப் பல இனங்களில் அளந்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு, லாப்ரடூடில், பூடில் உள்ளிட்ட எந்த இனத்தையும் ஒவ்வாமை தராதது என்று அழைக்க ஆதாரம் இல்லை என்பதாகும். ஆகவே ஒவ்வாமை உள்ள குடும்பத்தினர், இனத்தின் பெயரை நம்பாமல், வாங்கப்போகும் நாயோடு சில மணி நேரம் பழகிப் பார்த்து முடிவெடுப்பதே பாதுகாப்பானது.

அடுத்த காரணம், கலப்பு நாய்க்கு நோய் வராது என்ற நம்பிக்கை. தூய இனங்களில் நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பது மறைந்திருக்கும் குறைகளை வெளிக்கொணர்கிறது என்பது மெய். ஸ்டாண்டர்டு பூடிலிலேயே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில நாய்களின் வழித்தோன்றல்கள் மட்டும் மிகுதியாகப் பெருக்கப்பட்டதால் மரபணு வளம் சுருங்கிப்போனது. இருந்தும் கலப்பு எல்லாவற்றுக்கும் மருந்தாவதில்லை. 2024இல் பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள், காக்கப்பூ, லாப்ரடூடில், கவலியர் ஸ்பானியலோடு பூடிலைச் சேர்த்த கவப்பூ ஆகிய மூன்று கலப்புகளையும் அவற்றின் மூல இனங்களையும் சேர்த்து 9,402 நாய்களின் விவரங்களைத் திரட்டி, 57 நோய்களை ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 87 விழுக்காட்டு ஒப்பீடுகளில் கலப்புக்கும் தூய இனத்துக்கும் வேறுபாடே காணப்படவில்லை.

இதற்கான காரணங்களுள் ஒன்று எளிதில் விளங்கக்கூடியது. விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து பார்வை போகும் ஒரு நோய்க்கான அதே மரபணுப் பிழை, பூடிலிலும் காக்கர் ஸ்பானியலிலும் லாப்ரடாரிலும் காணப்படுகிறது. இது ஒடுங்கு பண்பு என்பதால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாக வெளிப்படும். வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் பூடிலும் காக்கரும் இப்பிழையை மறைவாகச் சுமந்திருந்தால், அவற்றின் கலப்புக் குட்டிகளில் நான்கில் ஒன்று கண்ணிழக்க வாய்ப்புண்டு. இரண்டு இனங்களுக்கும் பொதுவான குறையைக் கலப்பு நீக்குவதில்லை. மரபணுச் சோதனையே அதனைத் தடுக்கும்.

காங்கயம் தரும் பாடம்

கலப்பின் பயனையும் விலையையும் ஒருசேரக் கண்ட வட்டாரம் கொங்கு நாடு. காங்கயம் மாடு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் கறக்க, கலப்பின மாடு பத்து லிட்டரையும் தாண்டிக் கறந்ததால், சினை ஊசி ஊர்தோறும் பரவி, பால் பணம் பல குடும்பங்களைத் தாங்கிப்பிடித்தது. அந்தப் பலனை எவரும் மறுக்க இயலாது. அதே வேளையில் மயிலை, காரி, செவலை நிறக் காங்கயம் மாடுகள் கட்டுத்தரைகளிலிருந்து குறைந்தன. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வறட்சியையும் வெயிலையும் தாங்கி, கமலை இறைப்பதற்கும் பாரவண்டிக்கும் பயன்பட்ட அந்த இனத்தைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் போன்றோர் தூய்மையாகப் பேணியிராவிட்டால், மீட்டெடுக்க மூலமே எஞ்சியிருக்காது.

கலப்பு எத்துணை நன்று என்றாலும் அதன் வேர் தூய இனத்திலேயே இருக்கிறது என்பதை இவ்வனுபவம் உணர்த்துகிறது. நல்ல பூடிலும் நல்ல லாப்ரடாரும் இல்லாமல் நல்ல லாப்ரடூடில் பிறக்க வழியில்லை. கலப்புக்குக் கூடுதல் விலை கிடைத்தாலும், இனப்பதிவுள்ள சிறந்த நாய்களைத் தூய வளர்ப்பாளர்கள் கலப்புக்குத் தருவது அரிது. அந்நிலையில் சந்தைக்கான குட்டிகள், சோதிக்கப்படாத பெற்றோரிடமிருந்து பிறக்க நேர்கிறது. தமிழகத்துக்கே உரிய இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கும் இக்கவலை பொருந்தும். அவற்றுள் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபணு வள அமைவனத்தின் பதிவைப் பெற்றவை. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. கவனமில்லாத கலப்பு அவற்றின் தனித்தன்மையை அழித்துவிடும்.

வாங்குவோர் கவனத்துக்கு

பூடில் கலப்பின் ஈர்ப்பு பொய்யானது என்று ஒதுக்கிவிட முடியாது. லாப்ரடாரின் நட்புணர்வும் பூடிலின் அறிவும் ஒரே நாயில் கூடுவது பலமுறை நிகழ்ந்திருக்கிறது. அந்த நாய்கள் தம் வீட்டாருக்கு இனிய துணையாகவும் வாழ்கின்றன. ஆயினும் குட்டியின் அளவு, முடி, குணம் ஆகியவற்றை முன்கூட்டியே அறிய விரும்புவோருக்குத் தூய பூடிலே உறுதியான தேர்வு. இவற்றில் ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொள்ளும் மனமும் முடிப் பராமரிப்புக்கு நேரமும் உள்ளவர்களுக்குக் கலப்பு பொருந்தும். இரண்டுக்குமே கொங்குச் சமவெளியின் கோடையில் முடியைக் குட்டையாக வெட்டிவிடுவதும், நடைப்பயிற்சியை வெயில் ஏறுவதற்கு முன்போ தாழ்ந்த பின்போ வைத்துக்கொள்வதும் அவசியம்.

நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து 2017இல் இயற்றப்பட்ட மத்திய அரசின் விதிகள், வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்றும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றும் கட்டாயப்படுத்துகின்றன. கறவை மாடு வாங்கும்போது தாயின் மடியையும் ஈத்தையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காத கொங்கு விவசாயியின் கவனம், நாய்க்குட்டி வாங்கும்போதும் வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாயையும் தந்தையையும் நேரில் பாருங்கள். கண், இடுப்பு மூட்டு, மரபணுச் சோதனைகளின் அறிக்கையைக் கேளுங்கள். இவற்றைக் காட்ட மறுப்பவரிடமிருந்து, கலப்பானாலும் தூய இனமானாலும், குட்டி வாங்காதீர்கள்.