மெனோபாஸ்: ஆயுர்வேதம் எதுவரை கைகொடுக்கும்?

நடுராத்திரியில் திடீர்னு உடம்பெல்லாம் சூடு, வியர்வை, தூக்கமே போச்சு. 45 வயதைத் தாண்டிய அம்மா இப்படிச் சொன்னால், மெனோபாஸ் நெருங்குவதாக இருக்கலாம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால்தான் அது உறுதி.

ஆயுர்வேதம் என்ன சொல்கிறது?

இதன் பெயர் 'ரஜோநிவிருத்தி'. 50 வயதில் மாதவிடாய் நிற்கும் என்கிறது சுஸ்ருத சம்ஹிதை. இது நோயல்ல, வயதின் இயல்பு. அப்போது வாதம் கூடும் என்பது அதன் பார்வை. அதனால்தான் எண்ணெய்க் குளியல், வெதுவெதுப்பான சாப்பாடு, தண்ணீர்விட்டான் கிழங்கு.

யாருக்கு எச்சரிக்கை?

இந்தக் கிழங்குக்குச் சிறிய ஆய்வுகளின் ஆதாரமே உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. தைராய்டு, கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கு அமுக்கராவும் அப்படித்தான்.

எலும்புக்கு?

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். கேழ்வரகும் எள்ளும் கால்சியம் தரும். சிதறால் மலைக்கோவில் ஏற்றம் மாதிரியான நடையும் நல்லது.

எங்கே போவது?

நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால், மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும், கஷாயம் தேடாமல் நேராக மகளிர் நல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.